கேளாமல் அளித்தலும் குறிப்புக் காட்டலும்: வளைகுடாத் தமிழரின் கணினிப் பயன்பாட்டு வரலாற்றிலிருந்து

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் துபாயிலோ தோகாவிலோ தமிழ் இணையத்தளம் ஒன்றைத் திறந்தவர் முதலில் கண்டது தமிழை அன்று. பொருளற்ற இலத்தீன் குறிகளின் வரிசையையும் அதன் மேலே ஆங்கிலத்தில் அமைந்த ஓர் அறிவிப்பையுமே அவர் கண்டார். இத்தளத்தைப் படிக்க இன்ன எழுத்துருவைத் தரவிறக்குக, இன்ன கோப்புறையில் இடுக, பின்னர் உலாவியை மீண்டும் திறக்க என்பது அதன் சாரம். குறிப்பு சரியானதுதான். ஆனால் அதைப் பின்பற்ற வேண்டுமாயின் கணினி வாசகருடையதாக இருக்க வேண்டும். வளைகுடாத் தமிழர் பலர் அலுவலகக் கணினியில் உணவு இடைவேளையிலோ, மணிக்கு இத்தனை திர்ஹம் என்று வாடகை கொடுத்து அமர்ந்த இணைய மையத்திலோ படித்தவர்கள். அங்கே புதிய எழுத்துருவை நிறுவும் உரிமை அவர்களுக்கு இல்லை.

பயனரின் தேவையை மென்பொருள் முன்னறிந்து தானே நிறைவேற்ற வேண்டுமா, அன்றி வழியைச் சுட்டிவிட்டு விலகி நிற்க வேண்டுமா என்பது பொதுவாக வடிவமைப்பாளர்களின் விவாதமாகவே இருந்து வருகிறது. வளைகுடா நாடுகளில் வாழும் தமிழரின் கால் நூற்றாண்டு அனுபவம் அதனை ஒரு சமூக வரலாற்று வினாவாக்குகிறது. எழுத்துருவில் தொடங்கி ஊதியப் பட்டுவாடா வரை அதே வினா வெவ்வேறு வடிவில் எழுந்துள்ளது. முன்னறிதல் நன்றா தீதா என்ற பொதுத் தீர்ப்பு இவ்வரலாற்றிலிருந்து கிடைக்கவில்லை. இரண்டு செய்திகளே ஒவ்வொரு முறையும் விளைவை நிர்ணயித்துள்ளன. மென்பொருள் எவர் தந்த தகவலைக் கொண்டு முன்னறிகிறது என்பது ஒன்று. அது பிழையாக அறிந்தபோது மறுப்பதற்கான விசை எவர் கையில் இருக்கிறது என்பது மற்றொன்று.

எழுத்துருவைத் தானே கொண்டுவந்த பக்கம்

யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழுக்குக் குறியேற்றங்கள் பல. இணையக் குழுக்களில் புழங்கிய டிஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டாம், டாப், இதழ்கள் தத்தம் வசதிக்கேற்ப வைத்துக்கொண்டவை என அவை பெருகிக் கிடந்தன. ஒரு தளத்திற்காக நிறுவிய எழுத்துரு மற்றொரு தளத்திற்கு உதவாது. தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இது தொல்லை மட்டுமே. அச்சிட்ட இதழ் கடையில் கிடைத்தது. வளைகுடாவில் தங்கியிருந்தவருக்கு இணையம்தான் அன்றைய நாளிதழ்.

இச்சூழலில் குறிப்பிடத்தக்க பெயர் உமர் தம்பி. தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த அவர் 1953இல் பிறந்து 2006இல் மறைந்தார். துபாயில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். கணித்தமிழ் அவருக்கு ஊதியம் தந்த தொழில் அன்று. தன்னார்வத்தால் மேற்கொண்ட பணி. அவர் உருவாக்கிய தேனீ இயங்கு எழுத்துரு மேற்சொன்ன சிக்கலுக்கு வேறொரு விடை தந்தது. இயங்கு எழுத்துரு முறையில் இணையப் பக்கமே தனக்கு வேண்டிய எழுத்துருவின் முகவரியைத் தன்னுள் வைத்திருக்கும். உலாவி அதனைப் பின்னணியில் இறக்கி, அப்பக்கம் திரையில் உள்ளவரை பயன்படுத்தும். கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. நிர்வாகியின் இசைவும் வேண்டியதில்லை. வாசகர் செய்ய வேண்டியது படிப்பது ஒன்றே. ஒலிபெயர்ப்பு முறையில் யூனிகோட் தமிழைத் தட்டெழுதும் செயலி, குறியேற்ற மாற்றி, செய்தியோடை உருவாக்கும் கருவி ஆகியவற்றையும் அவர் இலவசமாகவே வழங்கினார். 2010இல் கோவையில் செம்மொழி மாநாட்டுடன் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்கிற்கு அவர் பெயர் இடப்பட்டது.

அறிவிப்புப் பலகைக்கும் இயங்கு எழுத்துருவுக்கும் உள்ள வேறுபாடு நுட்ப வேறுபாடு மட்டும் அன்று. முன்னது குறிப்புத் தந்து, செயலை வாசகரிடம் விட்டது. பின்னது தேவையை முன்னறிந்து செயலைத் தானே ஏற்றது. அந்த முன்னறிதல் ஏன் எவரையும் உறுத்தவில்லை என்பது கவனத்திற்குரியது. ஒரு பக்கத்தைத் திறந்தவர் அதனைப் படிக்க விரும்புகிறார் என்பதே அம்மென்பொருளின் ஒரே ஊகம். அதற்கு வாசகரின் பெயர் வேண்டியதில்லை. அவர் நேற்று எதைப் படித்தார் என்பதும் வேண்டியதில்லை. தேவை அனைவர்க்கும் பொதுவானது. ஊகம் பிழைப்பதற்கு இடமே இல்லை.

அதன் எல்லையும் தெளிவானது. அன்றைய இயங்கு எழுத்துரு முறை மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியைச் சார்ந்தது. 2004இல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் அவ்வடிவத்தை ஏற்கவில்லை. அவ்வுலாவி வேறு வடிவ இணைய எழுத்துருக்களை ஏற்றது 2009இல்தான். இன்று எந்தத் தமிழ்த் தளமும் எழுத்துரு பற்றி வாசகரிடம் பேசுவதில்லை. அறிவிப்புப் பலகை இருந்த காலமே இளையோர்க்குத் தெரியாது.

இங்கே வளைகுடாவுக்கே உரிய ஒரு விந்தையையும் பதிவு செய்யலாம். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்து முறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் சேர்த்து ஒரே தேர்வுப் பெட்டிதான் இருந்தது. அதனைத் தேர்ந்தால் அரபுடன் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளும் ஒழுங்காகத் தெரியும். அரபுக்காக ஆயத்தம் செய்யப்பட்ட அலுவலகக் கணினியில் யூனிகோட் தமிழும் எவரும் கேளாமலே இயங்கியது. சென்னையில் குறுவட்டைத் தேடிச் செருகி அப்பெட்டியைத் தேர்ந்தவர்கள் பட்ட பாடு அங்கே பலருக்கு இல்லாது போயிற்று. எவரும் தமிழரின் தேவையை முன்னறியவில்லை. அருகிலிருந்த அரபு வாசகரின் தேவையை அறிந்ததன் பயன் அது.

புள்ளியை இட்ட விசைப்பலகை

படிப்பதில் ஊகம் எளிது, எழுதுவதில் அப்படியன்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை, தமிழ் இலக்கணத்தையே முன்னறிதலின் அடிப்படையாகக் கொண்டது. ஒரே அகர உயிர்மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலெழுத்தின் மேல் புள்ளி தானே விழும். க, க எனத் தட்டினால் ‘க்க’ தோன்றும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே: ந, த எனத் தட்ட ‘ந்த’ கிடைக்கும். மெய்ம்மயக்கமும் இனவெழுத்தும் பற்றி இலக்கண நூலார் வகுத்த அறிவு இங்கே விசைச் சிக்கனமாக மாறியது. பெரும்பாலான சொற்களில் ஊகம் சரியாகவே அமையும்.

பிழைக்கும் இடங்களும் உண்டு. ‘மமதை’, ‘ததும்பு’ ஆகியவற்றை எழுத முனைபவருக்கு முதலெழுத்தின்மேல் வேண்டாத புள்ளி விழும். அதற்கென்றே அவ்விதியில் ஒரு மறுப்பு வைக்கப்பட்டது. இரண்டு எழுத்துகளுக்கும் இடையே அகர விசையை ஒருமுறை தட்டினால் புள்ளி விழாது. ஒரே விசை, ஒரே தட்டு, கேள்வி கேட்கும் பெட்டி எதுவும் திரையில் தோன்றாது. இந்த அகர விசைதான் தமிழ்99இன் அறிவு மிக்க பகுதி என்று சொல்லத் தோன்றுகிறது. இதைப் பாராட்டுவோர் குறைவு. புள்ளி தானே விழுவதையே அனைவரும் பாராட்டுகின்றனர்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவிலும் இவ்வினா சூடுபிடித்திருந்தது. பயனர் தாமே நேரடியாகக் கையாள வேண்டும் என்று வாதிட்ட பென் ஷ்னைடர்மனுக்கும், பயனரின் பழக்கத்தைக் கற்று அவருக்காகச் செயல்படும் மென்முகவரை முன்வைத்த பாட்டி மேஸுக்கும் இடையிலான விவாதம் 1997இல் அச்சேறியது. அதே காலத்து மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 97இல் காகிதக் கவ்வி வடிவில் தோன்றிய உதவியாளர், கடிதம் எழுதத் தொடங்கியவரிடம் ‘கடிதமா எழுதுகிறீர்கள்’ என்று வினவி உலகெங்கும் நகைப்புக்கு இலக்கானது. மைக்ரோசாஃப்ட்டின் ஆய்வாளர் எரிக் ஹார்விட்ஸ் 1999இல் வெளியிட்ட கட்டுரை இரு தரப்புக்கும் இடைப்பட்ட வழியை வகுத்தது. ஊகத்தின் உறுதியின்மையையும் செயலின் பயனையும் செலவையும் எடைபோட வேண்டும். வேண்டாதபோது எளிதில் நிறுத்தவும் இயல வேண்டும் என்பன அவருடைய நெறிகளுள் சில. நிகழ்தகவுக் கணக்கு எதுவுமின்றிச் சென்னையின் அகர விசை அவற்றுள் இறுதி நெறியை அதே ஆண்டில் நிறைவேற்றியிருந்தது.

வளைகுடாவில் தமிழ்99 வேரூன்றவில்லை. ஆங்கில, அரபு எழுத்துகள் பொறித்த விசைப்பலகையில் பணியாற்றியவர்கள் ஒலிபெயர்ப்பு முறையையே நாடினர். அங்கே ந, ன, ண மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்தே இருப்பதால் ஊகம் தவிர்க்க இயலாதது. சொல்லின் முதலில் வந்தால் தந்நகரம், பிற இடங்களில் றன்னகரம் என்று முரசு அஞ்சல் போன்ற செயலிகள் இட அடிப்படையில் முடிவு செய்தன. பின்னர் வந்த கூகுளின் ஒலிபெயர்ப்புக் கருவி சொல் முழுவதையும் ஊகித்து, இடைவெளி விசையைத் தட்டியதும் மாற்றிவிட்டு, வேறு சொற்களைப் பட்டியலாக வைத்துக் காத்திருந்தது. செயலும் குறிப்பும் அதில் கலந்தே இருந்தன. இவற்றால் தமிழர் எழுத்தில் நகரப் பிழைகள் மலிந்தன என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறை முற்றும் பொய்யன்று. எனினும் அக்கருவிகள் இல்லாதிருந்தால் அவர்கள் தமிழிலேயே எழுதியிருக்க மாட்டார்கள்.

முகம் காணாத குறிப்பறிதல்

எழுத்துருவும் விசைப்பலகையும் தமிழர் தமிழருக்காகச் செய்தவை. வளைகுடாவில் தொழிலாளியின் வாழ்வை இவற்றினும் ஆழமாகத் தொட்ட மென்பொருள் அரசினுடையது. ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் ஊதியப் பாதுகாப்பு முறையை நடைமுறைப்படுத்தியது. 2013இல் துபாய் ஆட்சியாளர் முகமது பின் ராஷித் திறன் அரசுத் திட்டத்தை அறிவித்தார். 2017இல் செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஓர் அமைச்சர் நியமிக்கப்பட்டார். குடிமக்கள் கேட்கும் முன்பே சேவை அளிப்பது என்ற கொள்கை அங்கே இன்று வெளிப்படையாகப் பேசப்படுகிறது. அக்கொள்கையின் முதற்பெரும் சோதனைக்களம் கூலித் தொழிலாளியின் ஊதியமே.

அதற்கு முந்திய நிலை குறிப்புக் காட்டும் நிலையைப் போன்றது. ஊதியம் வராவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தில் முறையிடலாம் என்ற வழி இருந்தது. அவ்வழியில் நடக்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். படிவத்தை அரபில் நிரப்ப ‘டைப்பிங் சென்டர்’ எழுத்தரை நாட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தன் விசா எவர் கையில் உள்ளதோ அவர்மீதே குற்றம் சாட்ட வேண்டும். முறையிட்டதால் வேலை போனால் நாட்டைவிட்டே செல்ல நேரும். ஊரில் நகை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ வந்தவர் இதற்கு எளிதில் துணிய மாட்டார்.

புதிய முறையில் தொழிலாளி வாய் திறக்க வேண்டியதில்லை. நிறுவனம் ஒவ்வொரு மாதமும் ஊதியத் தகவல் கோப்பு ஒன்றை வங்கி அல்லது பணமாற்று நிலையத்தின் வழியே அனுப்ப, அது மத்திய வங்கியின் அமைப்பைக் கடந்து தொழிலாளர் அமைச்சகத்தின் தரவோடு ஒப்பிடப்படுகிறது. கெடு தவறினால் அமைப்பே கண்டுபிடிக்கும். 2016இல் வந்த ஆணை, 100 பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனம் ஊதியத்தைத் தாமதித்தால் 16ஆம் நாள் முதல் அதற்குப் புதிய பணி அனுமதி வழங்குவதை நிறுத்த வகை செய்தது. சவூதி அரேபியா 2013இலும் கத்தார் 2015இலும் இத்தகைய முறைகளைத் தொடங்கின. தொழிலாளியின் அச்சத்தையும் மொழித் தடையையும் சுற்றிக் கடந்துசென்ற ஏற்பாடு என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம். அதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. அமைச்சியலில் வரும் 71ஆம் அதிகாரத்தை அரசனின் உள்ளக் குறிப்பை அமைச்சன் அறிதலாக உரைமரபு காண்கிறது. களவியலில் வரும் 110ஆம் அதிகாரம் காதலர்க்குரியது. முன்னதில் அறிவு கீழிருந்து மேல்நோக்கிச் செல்கிறது. பின்னதில் இருபுறமும் செல்கிறது. இரண்டிலும் அறிபவரும் அறியப்படுபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர். ஊதியக் கோப்பு மூன்றாம் வகை. மேலிருப்பவர் கீழிருப்பவரின் தேவையை அறிகிறார். ஆனால் முகம் காணாமல், இடையிலுள்ள ஒருவர் எழுதித் தந்த கோப்பின் வழியே அறிகிறார். அந்த இடையாளர் வேறெவரும் அல்லர், ஊதியம் தர வேண்டிய நிறுவனமே.

கோப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். பணியாளரின் அடையாள எண், கணக்கு எண், ஊதியக் காலத்தின் தொடக்கமும் முடிவும், நாள்களின் எண்ணிக்கை, நிலையான ஊதியம், மாறும் ஊதியம், விடுப்பு நாள்கள் ஆகியவற்றிற்கு அதில் கட்டங்கள் உண்டு. எத்தனை மணி நேரம் வேலை வாங்கப்பட்டது என்பதற்குக் கட்டம் இல்லை. மிகைநேர வேலைக்கான கூலி பறிபோனால் அமைப்புக்குத் தெரிய வழியில்லை. முகவர்க்குக் கொடுத்த கடனும் அதில் இல்லை. கத்தார் குறித்து மனித உரிமைக் கண்காணிப்பகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, அம்முறை ஊதியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே தவிர உண்மையில் காக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. தொழிலாளரின் வங்கி அட்டைகளை நிறுவனத்தாரே வைத்துக்கொண்டு பணத்தை எடுத்த நிகழ்வுகளும் அதில் பதிவாகியுள்ளன. கணக்கில் பணம் விழுந்ததும் மென்பொருளுக்குத் தேவை நிறைவேறிவிடுகிறது. அட்டை எவர் சட்டைப்பையில் உள்ளது என்பதை அது அறியாது.

தமிழ்99இன் அகர விசைக்கு நிகரான ஒன்று இங்கே எது? கோப்பு சொல்வது தவறு என்று தொழிலாளி மறுக்க வேண்டுமாயின் அவர் பழைய முறையீட்டு வழிக்கே திரும்ப வேண்டும். கூலி வரவே இல்லை என்று முறையிடுவதைவிட, வந்ததாகப் பதிவான கூலி வரவில்லை என்று மெய்ப்பிப்பது கடினம். பதிவேடு இப்போது எதிர்த்தரப்புச் சாட்சியாக நிற்கிறது.

மூன்றாம் மொழி

அமீரக அமைச்சகம் 2016 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்திய மற்றொரு சீர்திருத்தம் இதற்கு மாறான திசையில் சென்றது. வேலைக்கு அழைக்கும் முன்பே தரப்படுத்தப்பட்ட பணிமுறி தொழிலாளியிடம் காட்டப்பட்டுக் கையொப்பம் பெறப்பட வேண்டும். அது அரபு, ஆங்கிலம் ஆகியவற்றுடன் அவருக்குப் புரியும் மூன்றாம் மொழியிலும் இருக்க வேண்டும். அதற்கென ஏற்கப்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்று. இங்கே மென்பொருள் எதையும் ஊகிக்கவில்லை. ஊதியம் இவ்வளவு, விடுப்பு இவ்வளவு, விலக வேண்டுமாயின் முன்னறிவிப்பு இவ்வளவு என்று அவர் மொழியில் எழுதிக் காட்டுகிறது. முடிவை அவரிடம் விடுகிறது. வந்து இறங்கிய பின் வேறொரு தாளில் குறைந்த ஊதியத்திற்குக் கையொப்பம் வாங்கும் பழைய வழக்கத்திற்கு எதிராகத் தொழிலாளி நீட்டிக் காட்டக்கூடிய தாள் அது. கண்காணிப்பு அமைப்பு அறியாத ஒன்றை அத்தாள் அறிந்திருந்தது: என்ன வாக்களிக்கப்பட்டது என்பதை, வாக்குப் பெற்றவருக்கே தெரிவித்திருந்தது.

செம்மொழி என்ற தகுதி பற்றியும் கணினியில் தமிழின் இடம் பற்றியும் மாநாடுகளில் பேசப்படும் அளவில் நூற்றில் ஒரு பங்கும் இந்தப் பணிமுறித் தமிழ் பற்றிப் பேசப்படுவதில்லை. ஒரு வெளிநாட்டு அரசின் தரவுத்தளத்தில் தமிழ் சட்டப் பயன்பாட்டுக்குரிய மொழியாக நுழைந்த நிகழ்வு அது. அந்த வாசகங்களின் நடை, கலைச்சொற்கள், எளிய கல்வி பெற்றவருக்கு அவை எந்த அளவு விளங்கும் என்பன தமிழியல் ஆய்வுக்கு உரியவையே.

இவ்விரு ஏற்பாடுகளும் எட்டாத இடம் வீடு. சமையலும் துப்புரவும் குழந்தை வளர்ப்பும் செய்யும் இல்லப் பணியாளர்கள், தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற பெண்கள் உட்பட, 2009இன் ஊதியப் பாதுகாப்பு முறையில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கான தனிச் சட்டம் 2017இல் வந்தது. 2023 ஏப்ரல் முதல் இல்லப் பணிகளுள் ஐந்து வகையினருக்கு ஊதியப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது: தனிப்பட்ட வேளாண் பொறியாளர், அலுவல் பிரதிநிதி, வீட்டுப் பராமரிப்பாளர், தனி ஆசிரியர், தனிப் பயிற்றுநர். வீட்டு வேலைக்காரப் பெண் அவ்வைந்தில் இல்லை. அவருக்கான பதிவு விருப்பத்திற்கு விடப்பட்டது. விருப்பம் வீட்டு எசமானருடையது.